செட்டிநாட்டுப் பழைய வீட்டில் நாமே பாத்ரூம் போடுவது எப்படி?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பள்ளத்தூரில் ஐயா காலத்து வீடு, வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும். இப்போது அப்பச்சியும் (அப்பா) ஆத்தாவும் ஊரோடு வந்து தங்கப் போகிறார்கள். கக்கூஸ் கொல்லைக் கடைசியில் இருக்கிறது. அப்பச்சிக்கு முழங்கால் வலி, ராத்திரியில் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. வளவை, அதாவது வீட்டின் நடுமுற்றத்தை, ஒட்டிய அறை ஒன்றை பாத்ரூமாக மாற்றலாமா, எவ்வளவு வேலையை நீங்களே செய்யலாம், தரைக்கு ஆத்தங்குடிக் கல் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்யலாம். பாதிக்கு மேற்பட்ட வேலையை நீங்களே செய்துவிடலாம். ஆனால் வளவு அறையைத் தொடாதீர்கள். பின்கட்டில், அடுப்படியை ஒட்டிய பத்தியில் (தாழ்வாரத்தில்) ஒரு மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் பழைய சுவரில் தண்ணீர் படாதபடி உள்ளே தனியாக ஒரு சுவர் எழுப்பி, பாத்ரூம் முழுவதையும் அதற்குள் அடக்குங்கள். இதைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றதில் சின்னப் பிசகு வந்தாலும் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் பக்கத்து வீடுகளின் சுவர் வேறு மாதிரி. செங்கல்லோ செம்புறாங்கல்லோ வைத்து, ஒன்றரை அடி, இரண்டு அடி கனத்தில், சுண்ணாம்புக் காரையில் கட்டியது. அதன்மேல் பல அடுக்குப் பூச்சு. கடைசி அடுக்கில் சுண்ணாம்போடு வெள்ளைக் கல் மாவும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, கையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். இந்தச் சுவர் ஈரத்தை வாங்கும், காற்றும் வெயிலும் பட்டால் திருப்பி விட்டுவிடும். மழைக்காலத்தில் தரையிலிருந்து ஏறும் ஓதத்தையும் அப்படி விட்டு விட்டுத்தான் இத்தனை காலம் நிற்கிறது. அதில் சிமெண்ட் பூசி, டைல்ஸ் ஒட்டினால் ஒரு பக்கம் முழுக்க அடைபட்டுவிடும். ஈரம் அடங்காது. டைல்ஸ் முடிகிற இடத்துக்கு மேலே ஏறும், இல்லாவிட்டால் சுவரின் மறுபக்கம் வரும். வரும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். அந்த உப்பு காய்ந்து இறுகும்போது பூச்சை உள்ளிருந்து வெளியே தள்ளும்.

கொத்தமங்கலம் பக்கம் ஒரு வீட்டில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரட்டை அறையின் உள் அறையை பாத்ரூமாக்கி, பழைய சுவரிலேயே ஏழடிக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாம் பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. அதே சுவரின் வளவுப் பக்கம் இடுப்பு உயரத்தில் மெருகுப் பூச்சு பொரிந்து, விரலால் தொட்டால் வெள்ளை மாவாகக் கொட்டியது. அந்தப் பூச்சை இன்றைக்கு அதே தரத்தில் போட ஆள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் பழைய பூச்சோடு ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரியும்.

வளவு அறை வேண்டாம் என்பதற்கு இன்னும் சில காரணங்கள் உண்டு. வளவில் விழும் மழைத் தண்ணீர் தரைக்கு அடியில் கல் வாய்க்கால் வழியாகத் தெருவுக்குப் போகிறது. பல ஊர்களில் அங்கிருந்து ஊருணிக்குப் போகும். பாத்ரூம் தண்ணீரை அதில் விடுவதுதான் பக்கத்தில் இருக்கிற சுலபமான வழி என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். சோப்புத் தண்ணீர் வாய்க்காலில் பிசுக்காகப் படியும். அடைமழையில் அது எதிர்த்துக்கொண்டு வந்தால் வளவே நாறிவிடும், போதாததற்கு ஊருணியும் கெடும். உங்கள் வீட்டு வாய்க்கால் எங்கே போகிறது என்று தெரியாவிட்டால், ஒரு குடம் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து வளவில் ஊற்றி, வெளியே எந்த வாயில் மஞ்சளாக வருகிறது என்று பாருங்கள். தரையை உடைப்பதற்கு முன் இது தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் பங்காளிகள். வளவு அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) பிரித்து எழுதப்பட்டிருக்கும், ஆனால் சுவர் பொது, வாய்க்கால் பொது, முன்னோருக்குப் படைப்பு நடக்கிற இடமும் பொது. பின்கட்டானாலும் எல்லோரிடமும் சொல்லி, வரைபடம் ஒன்றை அனுப்பி, சரி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை பாதியில் இருக்கும்போது கோலாலம்பூரிலிருந்து சித்தப்பா போன் பண்ணி நிறுத்தச் சொன்னால் உடைத்த தரை உடைத்தபடி கிடக்கும்.

பின்கட்டில் பெரும்பாலும் ஓட்டுக் கூரை இருக்கும், நீராவி மேலே போய்விடும். கொல்லை பக்கத்திலேயே இருப்பதால் குழாய் கொண்டுபோகும் தூரமும் குறைவு. வீடு மேட்டில் கட்டியது என்பதால் பின்பக்கத் தரைக்கும் கொல்லைக்கும் இரண்டு மூன்று அடி உயர வித்தியாசம் இருந்தால் வாட்டத்துக்குக் கவலையே இல்லை.

மாடியில் போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பவர்கள் அதிகம் என்பதால் சொல்கிறேன். கூடவே கூடாது. மாடித் தளம் பர்மா தேக்குச் சட்டங்களின்மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இறுக்கியது. ஒரு குழாய் இணைப்பு மெல்லக் கசிந்தால்கூட சுவருக்குள் இருக்கும் சட்டத்தின் முனை ஊறும். வெளியே தெரியாது. ஊறிய மரத்துக்குக் கரையான் வரும். தண்ணீர்த் தொட்டிக்கும் இதே விதிதான். 1000 லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன். அதை அந்தத் தளத்தின்மேல் வைக்காமல், கொல்லையில் தனித் தூண் எழுப்பியோ இரும்புத் தாங்கி போட்டோ வையுங்கள். ஷவர் தலைக்கு மேல் பத்தடி உயரத்தில் தொட்டி இருந்தால் ஏறத்தாழ 0.3 பார் அழுத்தம் கிடைக்கும். வாளியில் பிடித்துக் குளிக்க அது தாராளம். ஷவர் வேகமாக விழ வேண்டுமென்றால் சின்ன பிரஷர் பம்ப் வைத்துக்கொள்ளலாம்.

இடத்தை முடிவு செய்தபிறகு கடைக்குப் போகாதீர்கள். ஒரு சாக்பீஸ் எடுத்துத் தரையில் முழு அளவில் வரையுங்கள். உள்ளளவு ஐந்தடிக்கு ஏழடி இருந்தால் போதும், ஆறுக்கு எட்டு என்றால் உதவிக்கு ஒருவர் கூட நிற்கலாம். கம்மோடு வரும் இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அப்பச்சியை உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லுங்கள். எழும்போது கை எங்கே போகிறது என்று கவனித்து, அந்த உயரத்தில் பக்கத்துச் சுவரில் கோடு போடுங்கள். கைப்பிடிக் கம்பி அங்கேதான் வர வேண்டும், பெரும்பாலும் தரையிலிருந்து 33 அங்குலத்துக்கு அக்கம்பக்கத்தில் அமையும். கம்மோட்டின் இருக்கை 17 முதல் 19 அங்குல உயரத்தில் இருந்தால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நல்லது. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாமல் போகும். கதவின் அகலம் இரண்டே முக்கால் அடிக்குக் குறைய வேண்டாம். இதற்காகப் பழைய நிலையை அறுக்காதீர்கள். இருக்கும் நிலை குறுகலாக இருந்தால் பத்தியிலிருந்து நேராக நுழைகிற மாதிரி புதுச் சுவரில் வாசல் விடுங்கள்.

இனி அந்தப் புதுச் சுவர். நாலரை அங்குலச் சுவர், பழைய சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, ஏழடி உயரம். கெட்டியான செங்கல்லோ திண்ணமான சிமெண்ட் கல்லோ போடுங்கள், உள்ளே கூடாக இருக்கும் கல் வேண்டாம், ஏனென்றால் கைப்பிடியும் கீசரும் இதில்தான் தொங்கப் போகின்றன. அடியில் மண்ணை இறுக்கி நாலு அங்குலக் கான்கிரீட், மேலே சுற்றிலும் ஒரு பெல்ட் கான்கிரீட். இரண்டு சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் காரையோ கல்துண்டோ விழுந்து அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு ஒரு பலகையை உள்ளே தொங்கவிட்டு, சுவர் ஏற ஏறப் பலகையைத் தூக்கிக்கொண்டே போகலாம். மேல் வாயைக் கம்பி வலையால் மூடுங்கள், காற்று போகும், எலியும் பூரானும் இறங்காது. இப்படிச் செய்தால் பக்கத்துக்கு ஆறரை அங்குலம் இடம் போகிறதே என்று தோன்றும். போகட்டும். பழைய சுவர் பிழைக்கும், குழாய் பதிக்க அதில் வெட்டுப் போட வேண்டியதும் இல்லை. காரைச் சுவரில் கட்டர் வைத்து நீளவாக்கில் கோடு இழுத்தால் கல்லும் காரையும் சேர்ந்து கழன்று வரும், ஒரு அங்குலக் குழாய்க்கு நாலு அங்குலப் பள்ளம் விழுந்துவிடும்.

சுவர் எழுப்பும் வேலையைக் கொத்தனாரிடம் விடுங்கள். பழக்கமில்லாத கை போட்ட நாலரை அங்குலச் சுவர் தூக்குக்குண்டுக்கு நிற்காது, அப்புறம் டைல்ஸ் ஒட்டுகிறவர் அதைச் சரிக்கட்ட ஒரு அங்குலப் பூச்சுப் பூச வேண்டிவரும். வேலை முடிந்ததும் ஏழு நாள் தண்ணீர் ஊற்றுவது உங்கள் பொறுப்பு. தண்ணீர் பழைய சுவர்ப் பக்கம் தெறிக்காமல் கையில் மக் வைத்து ஊற்றுங்கள், ஹோஸ் வேண்டாம்.

தரையை உடைப்பதை நீங்களே செய்யலாம், சொல்லப்போனால் நீங்களே செய்வதுதான் நல்லது. கூலிக்கு வருகிறவர் சம்மட்டியால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார், கல் ஒன்றும் தேறாது. பின்கட்டுத் தரையில் பழைய ஆத்தங்குடிக் கல் இருந்தால் ஓரத்தில் ஏற்கெனவே விரிசல் விட்ட ஒரு கல்லை மட்டும் பலி கொடுத்து எடுங்கள். அந்தக் குழியிலிருந்து பக்கத்துக் கல்லின் அடிக்கு, உளியைப் படுக்கை வாட்டில் வைத்து மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். சுண்ணாம்புக் காரையில் பதித்த கல் முழுசாகக் கழன்று வரும். சிமெண்டில் பதித்தது வராது, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். எடுத்த கற்களைச் சுவரில் சாய்த்து நெட்டுக்குத்தாக அடுக்கி வையுங்கள். முன்கட்டில் எங்காவது கல் உடைந்தால் மாற்றிப் போட இதைவிடப் பொருத்தமான கல் வேறெங்கும் கிடைக்காது.

கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். பழைய சுண்ணாம்புத் தூள் கண்ணில் பட்டால் கசக்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, எரிச்சல் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கழிவுக் குழாயில்தான் பெரும்பாலான பாத்ரூம்கள் கெட்டுப்போகின்றன. கம்மோட்டிலிருந்து 110 மில்லிமீட்டர் பிவிசி, குளியல் தண்ணீருக்கு 75 மில்லிமீட்டர். இரண்டையும் தனித்தனியாகக் கொல்லைவரை கொண்டுபோங்கள். நாலடி நீளத்துக்கு ஒரு அங்குலம் வாட்டம் கொடுத்தால் சரியாக இருக்கும். ரசமட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி இரண்டு முனையிலும் மட்டம் பிடிக்கிற பழைய முறைதான் நீண்ட தூரத்துக்குப் பிசகாது. குழாயை மணல் படுக்கையில் வையுங்கள். கற்கள் மேல் வைத்தால் நாளடைவில் தொய்ந்து நடுவில் தண்ணீர் தேங்கும். திரும்பும் இடத்தில் 90 டிகிரி வளைவைத் தவிர்த்து இரண்டு 45 போடுங்கள், வெளியே வந்ததும் ஒரு சேம்பர் (அடைப்பு எடுக்க மூடி போட்ட சின்னத் தொட்டி) கட்டுங்கள். கம்மோடு குழாயிலிருந்து ஒரு காற்றுக் குழாய் கூரைக்கு மேலே போக வேண்டும், முனையில் வலை மூடி. இது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை ஃபிளஷ் செய்யும்போதும் டிராப்பில், அதாவது நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் நிற்கும் குழாய் வளைவில், இருக்கும் தண்ணீரை இழுத்துக்கொண்டு போய்விடும், பின்னாலேயே நாற்றம் ஏறும்.

கம்மோட்டில் எஸ் டிராப், பி டிராப் என்று இரண்டு வகை. பி டிராப் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும், எஸ் டிராப் தரைக்குள் இறங்கும். நம் கதைக்கு எஸ் டிராப். அதிலும் சுவரிலிருந்து குழாயின் நடுவரை 9 அங்குலம், 12 அங்குலம் என்று அளவு உண்டு. இது டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து அளக்க வேண்டிய அளவு. பூச்சும் பசையும் டைல்ஸும் சேர்ந்து ஒரு அங்குலத்துக்கு மேல் தின்றுவிடும், அதைக் கூட்டாமல் குழாயை நட்டுவிட்டால் கம்மோடு சுவரில் இடிக்கும். கம்மோட்டை முதலில் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு அப்புறம் குழாயை நடுங்கள்.

தண்ணீர்க் குழாய்க்கு சிபிவிசி, சுடுதண்ணீரையும் தாங்கும் பிளாஸ்டிக் குழாய். இது கையால் செய்ய மிகவும் தோதான வேலை. குழாயை நேராக வெட்டி, முனையில் உள்ள பிசிறைச் சீவி, எவ்வளவு ஆழம் உள்ளே போக வேண்டும் என்று பென்சிலால் குறித்து, குழாயிலும் சாக்கெட்டிலும் பசையைத் தடவி, கால் சுற்றுத் திருப்பி உள்ளே தள்ளி, அரை நிமிஷம் அப்படியே பிடித்திருங்கள். விட்டால் பின்னால் தள்ளிக்கொண்டு வரும். குழாய் வாய்கள் வரும் இடத்தில் பித்தளை மறை உள்ள இணைப்பையே போடுங்கள். டெஃப்லான் டேப்பை மறை முறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும். வாளி வைக்கும் குழாய் முடிந்த தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கட்டும். எல்லா வாயையும் மூடி, தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த கையால் தடவிப் பார்த்தபிறகுதான் பூச்சு வேலை.

தண்ணீர்த் தடுப்புப் பூச்சுக்கு வருவோம், கடைசி ரூபாய்வரை செலவழிக்க வேண்டிய இடம் இது. பவுடரும் திரவமும் கலந்து பூசுகிற வகை, எல்லா ஹார்டுவேர் கடைகளிலும் கிடைக்கும். அதற்கு முன் தரைக் கான்கிரீட்டில் வாட்டம் வந்திருக்க வேண்டும், ஏழடிக்கு ஒன்றரை அங்குலம். தரையும் சுவரும் சேரும் மூலையில் கலவை வைத்து, ஒரு பாட்டிலின் பக்கவாட்டால் இழுத்து, கூர்மையான மூலையைக் கால் வட்டமாக்கிவிடுங்கள். பூச்சு விரிசல் விடுவது எப்போதும் அந்தக் கூர்மையில்தான். குழாய் தரைக்குள் இறங்கும் இடத்தைச் சுற்றியும், மூலைகளிலும் வலை நாடாவைப் பூச்சுக்குள் பதித்துவிடுங்கள். தரையை முதலில் நனைத்து, தேங்கும் தண்ணீரைத் துடைத்துவிட்டு, முதல் கோட் கிழக்கு மேற்காக, அது காய்ந்ததும் இரண்டாம் கோட் தெற்கு வடக்காக. முதல் கோட்டில் பிரஷ் விட்ட ஊசி முனை ஓட்டைகளை இரண்டாவது அடைக்கும். சுவரில் எல்லாப் பக்கமும் ஒரு அடி, குளிக்கும் பக்கம் ஆறடி. கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள், நம் ஊர் வெயிலில் வாளியிலேயே இறுகிவிடும்.

மூன்று நாள் காயவிட்டு, தரைத் துளையைத் துணிப் பந்தால் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். பென்சிலால் மட்டத்தைக் குறித்து வையுங்கள். வெயில் காலத்தில் தண்ணீர் தானாகவே ஆவியாகிக் குறையும், அதைக் கசிவு என்று நினைத்துக் கலங்க வேண்டாம். பக்கத்திலேயே ஓர் அகலமான தட்டில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போட்டுவிடுங்கள். தட்டில் குறைந்த அளவுக்கே தரையிலும் குறைந்திருந்தால் கசிவு இல்லை. கூடக் குறைந்திருந்தால் மூலையையும் துளையையும் திரும்பப் பூசி மறுபடி தண்ணீர் கட்டுங்கள். டைல்ஸ்காரர் காத்துக்கொண்டிருந்தாலும் இதில் அவசரப்படாதீர்கள்.

ஆத்தங்குடிக் கல் பற்றி. எனக்கும் அந்தக் கல்லின்மேல் பிரியம் அதிகம், அதனால்தான் குளிக்கும் இடத்தில் வேண்டாம் என்கிறேன். அது சூளையில் சுட்ட ஓடு கிடையாது. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து, நிறம் கலந்த சிமெண்டைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்கியெடுப்பது. கண்ணாடியில் படிந்த முகம்தான் அந்த மினுமினுப்பு. சோப்புத் தண்ணீர் நின்றால் வழுக்கும், உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். ஆசிட் ஒரு சொட்டுப் பட்டாலும் முகம் அரித்துப்போகும். நடந்து நடந்து, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துத் துடைத்து மெருகேறும் கல்லைக் கொண்டுபோய் ஈரத்தில் போட்டுப் பாழாக்குவானேன்? பாத்ரூம் வாசலுக்கு வெளியே, வாஷ்பேசினுக்கு முன்னால், துணி மாற்றும் இடத்தில் தாராளமாகப் போடுங்கள். பழைய பூவேலைக்குப் பொருந்துகிற மாதிரி ஆத்தங்குடியிலேயே சொல்லிச் செய்து வாங்கலாம்.

குளிக்கும் இடத்துக்குச் சொரசொரப்பான ஒரு அடி டைல்ஸ். பெட்டியில் ஆர் 11 என்று போட்டிருந்தால் நல்லது, அது வழுக்காத தன்மைக்கான குறியீடு. பெரிய டைல்ஸில் வாட்டம் நான்கு பக்கமும் இறங்காது. இணைப்புகளை எப்பாக்ஸி வைத்து அடையுங்கள், விலை கூடுதல்தான், ஆனால் உப்புத் தண்ணீரில் கறுக்காது. பாத்ரூம் தரை வெளித்தரையைவிட அரை அங்குலம் மட்டும் தாழ்ந்திருந்தால் போதும். வழக்கமாக விடும் மூன்று அங்குலப் படி ராத்திரியில் வயதானவர்களைத் தடுக்கி விழவைக்கும். வேலை முடிந்ததும் டைல்ஸ்காரர் ஆசிட் ஊற்றிக் கழுவித் தருகிறேன் என்பார். வெளியே ஆத்தங்குடிக் கல் இருக்கிறது, பக்கத்தில் சுண்ணாம்புச் சுவர் இருக்கிறது, வேண்டவே வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்பாஞ்சும் வெறும் தண்ணீரும் போதும், கலவை இறுகுவதற்குள் துடைத்துவிட்டால்.

மின்சார வேலையில் கை வைக்காதீர்கள், உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழைய வீடுகளில் மரச்சட்டத்துக்குள் ஓடும் வயர்களில் எர்த் இருக்காது. அதிலிருந்து கீசருக்கு இழுப்பது உயிரோடு விளையாட்டு. கொல்லையில் புதிதாக எர்த் குழி, மெயினிலிருந்து கீசருக்குத் தனி வயர், 16 ஆம்ப் பாயிண்ட், மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் தானாக விழும் ஆர்சிசிபி சுவிட்ச், இந்த நாலும் இருக்கிறதா என்று நீங்கள் நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் வெளியே. ராத்திரி விளக்கு ஒன்று படுக்கையிலிருந்து பாத்ரூம்வரை வழி தெரிகிற மாதிரி.

செப்டிக் டேங்கும் அப்படித்தான். கொல்லைக் கக்கூஸுக்கு ஏற்கெனவே இருக்கும் தொட்டி நல்ல நிலையில் இருந்தால் புதுக் குழாயை அதில் சேர்க்கலாம். ஆனால் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பதோ, ஆளை இறக்குவதோ கூடாது. உள்ளே தேங்கும் விஷவாயு இறங்கியவரை உடனே சாய்த்துவிடும். உரிய பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. லாரியைக் கூப்பிட்டு உறிஞ்சச் சொல்லுங்கள். புதிதாக உறை இறக்குவதானால் கிணற்றிலிருந்து 60 அடிக்குக் குறையாமல் தள்ளி இறக்குங்கள், உங்கள் கிணறு மட்டுமல்ல, அடுத்த வீட்டுக் கிணற்றையும் அளக்க வேண்டும். குளியல் தண்ணீரைத் தொட்டியில் சேர்க்காமல் வாழைக்கு விட்டால் தொட்டி சீக்கிரம் நிறையாது, வாழையும் தழைக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் தரையைத் திறக்காதீர்கள். தை பிறந்ததும் தொடங்கினால் மழையும் இருக்காது, வெயிலும் ஏறியிருக்காது, சிமெண்டும் பதமாக இறுகும். பங்குனிக்கு மேல் திருவிழாவும் முகூர்த்தமுமாக ஆள் கிடைப்பது கஷ்டம், அதற்குள் கொத்தனார் வேலை முடிந்துவிட்டால் மீதியை நீங்கள் நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும் மாதங்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தரை டிராப்பில் நிற்பது இரண்டு அங்குலத் தண்ணீர். கோடையில் சில வாரங்களில் அது வற்றிவிடும். வற்றியதும் சேம்பரிலிருந்து கரப்பான் பூச்சியும் நாற்றமும் நேராக வீட்டுக்குள் வரும். கிளம்பும் அன்று எல்லா டிராப்பிலும், கம்மோட்டிலும் தண்ணீர் நிறைய ஊற்றி, மேலே இரண்டு கரண்டி எண்ணெய் விடுங்கள். எண்ணெய் படலம் ஆவியாவதைத் தாமதப்படுத்தும். சாவி வைத்திருப்பவர் மாதம் ஒருமுறை விளக்கேற்ற வரும்போது ஒவ்வொன்றிலும் ஒரு வாளி ஊற்றச் சொல்லுங்கள். தொட்டி வால்வை மூடிவிடுங்கள், கீசரின் பிரேக்கரை இறக்கிவிடுங்கள், எக்ஸாஸ்ட் துளையில் வலை கிழியாமல் இருக்கிறதா பாருங்கள். திரும்பி வந்ததும் முதலில் வால்வைத் திறந்து, சுடுதண்ணீர்க் குழாயில் காற்றெல்லாம் போய்த் தண்ணீர் சீராக வரும்வரை ஓடவிட்டு, அதற்குப் பிறகே கீசரைப் போடுங்கள்.